நாலு கால் சக்களத்தி

செங்கல்வராயனுக்குப் பிறவியிலேயே முதுகு வளைந்து, வலது தோள் காதருகே ஏறி நிற்கும். எந்த நாற்காலியும் அவனுக்குச் சரிப்பட்டதில்லை. புத்தூர் தாலுகா ஆபீசில் பகலெல்லாம் கோணிக்கொண்டு எழுதிவிட்டு, சாயங்காலம் வந்ததும் பெண்டாட்டி தாட்சாயணியின் முதுகில் முதுகு சாய்த்து உட்கார்ந்துவிடுவான். அவள் அரிசியில் கல் பொறுக்குவாள். அவன் ஆபீஸ் கதை அத்தனையும் கொட்டுவான். அந்த நேரத்துக்காகவே அவள் பகல் முழுக்கக் காத்திருப்பாள்.

வந்து சேர்ந்தாரே ஒரு புதுத் தாசில்தார், புண்ணியவான்! இவன் படும் பாட்டைப் பார்த்து, திருப்பதியிலிருந்து தச்சனை வரவழைத்து அளவெடுக்கச் சொல்லி, கூன் படியும் இடத்தைக் குடைந்து ஒரு நாற்காலி செய்து போட்டுவிட்டார்.

"இன்னா சொகம் தெரியுமா தாட்சா! பெத்த தாயி மடி மாரி கீது."

அப்புறம் அவன் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்பினான். வந்ததும் சோற்றைத் தின்றுவிட்டுப் பாயில் நீட்டிவிடுவான். முதுகு வலிக்கவில்லையாம்!

தாட்சாயணிக்கு வயிறு பற்றி எரிந்தது. பெண்ணாயிருந்தால் கொண்டையைப் பிடித்து ஆட்டியிருப்பாள், மரக்கட்டையை என்ன செய்வது? சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் ஆபீசுக்கே போய்ப் பார்த்தாள். எண்ணெய் பூசிப் பளபளவென்று, அதற்கு வந்த வாழ்வு! அவன் அதில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். தூக்குச்சட்டியை நங்கென்று வைத்துவிட்டு வந்தாள்.

அந்தச் சமயம் எல்லைத் தகராறு தீர்ந்தது. திருத்தணி மதராசுக்கு, புத்தூர் ஆந்திராவுக்கே. எந்தப் பக்கம் வேலை பார்க்க இஷ்டம் என்று ஆபீசில் கேட்டார்கள்.

"இங்கியே இருந்துடலாம்" என்றான் அவன், வீட்டுக்கு வந்து தாட்சாயணியிடம்.

"திருத்தணிக்குப் போனா அந்த நாக்காலியும் கூட வருமா?"

"அதெப்பிடி? ஆந்திரா சர்க்காரு சொத்தாச்சே."

"அப்போ திருத்தணியே எழுதிக் குடு. நம்ம தமிழ் ஊரு. தெலுங்கு ஆபீசுல நமக்கின்னா வேல?"

தெருவே அவளை மெச்சியது. "தமிழுக்கோசரம் சொந்த ஊரையே உட்டுட்டுப் போறாளே, மவராசி!" என்று எதிர்வீட்டுக் கிருஷ்ணம்மா கண்கலங்கினாள்.

திருத்தணி ஆபீசில் வெறும் பெஞ்சுதான். முதல் நாளே முகம் வெளுத்து வந்து அவள் முதுகில் சாய்ந்தான். ஜெயித்துவிட்டோம் என்று தாட்சாயணிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு கதைக்குக் காத்திருந்தாள். கதை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவன் மூச்சு விடுவதுதான் அவள் முதுகில் தெரிந்தது.

"ரொம்ப நோவுதா?"

"பரவால்ல. தமிழு தமிழுன்னு அவ்ளோ ஆசப்பட்டியே. உனக்கோசரம் இதுகூடத் தாங்க மாட்டேனா?"

அவள் முறத்தைத் தள்ளி வைத்தாள். திரும்பி, உள்ளதைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். திரும்பினால் அவன் விழுந்துவிடுவான். அப்படியே உட்கார்ந்திருந்தாள்.