கதம்ஷோ கடித்த ரொட்டி

கதம்ஷோ கடித்துவிட்டுப் போன ரொட்டி, அவன் மாஸ்கோ போன மூன்றாவது வாரம் வளரத் தொடங்கியது. பாமிர் மலையில் பிழைக்கப் போகிறவன் ஒரு ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுக் கிளம்புவான். திரும்பி வந்துதான் மிச்சத்தைத் தின்று தீர்ப்பான். அதுவரை அது சுவரில் தொங்கும். யாராவது கை வைத்தால் போனவன் போனவன்தான். தொங்குகிற ரொட்டி காய்ந்து கல்லாவதுதான் ஊர் வழக்கம். இது மட்டும் வாரக் கடைசியில் வண்டிச் சக்கரம் அளவுக்கு வந்து, இப்போதுதான் சுட்டது போல மணத்தது.

“நிவாரண மாவுல பயண ரொட்டி சுட்டா இப்படித்தான்டி,” என்றாள் மாமியார் ஓய்ஜமோல்.

“வேற மாவு எங்க இருந்துச்சு அத்தை? உங்க பிள்ளையோட பழைய பூட்ஸைத்தான் சுட்டிருக்கணும்,” என்றாள் கதம்ஷோவின் மனைவி சவ்சன்.

அந்த மாதமே பனி சரிந்து கணவாய் அடைத்துக்கொண்டது. நிவாரண லாரி கீழேயே நின்றுவிட்டது. குழந்தைகள் உப்பு டீயை மட்டும் குடித்துவிட்டு ரொட்டியைப் பார்த்துக்கொண்டே படுத்தார்கள். நாலாம் நாள் சவ்சன் அதை இறக்கினாள்.

“தொட்டே, என் பிள்ளை திரும்ப மாட்டான்.”

“கடிச்ச இடம் அவருக்கு. வளர்ந்தது நமக்கு.”

பல் பதிந்த இடத்தைச் சுற்றி ஒரு கையகலம் விட்டுவிட்டுப் பிய்த்தாள். ஓய்ஜமோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மொறுமொறுப்பான ஓரத்தைக் கேட்டு வாங்கினாள். விடிவதற்குள் ரொட்டி மறுபடி சக்கர அளவுக்கு வளர்ந்திருந்தது. குளிர்காலம் முழுக்க ஊரே தின்றது. மாஸ்கோவிலிருந்து மட்டும் போன் வரவே இல்லை. ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று மாமியார் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. அதுதான் சவ்சனைக் கொன்றது. தினமும் அவள் அந்தப் பல் தடத்தைத் தடவிப் பார்ப்பாள். இப்போதுதான் கடித்தது போல அது ஈரமாகவே இருந்தது.

பனி உருகியதும் லாரி வந்தது. மூட்டைகளின் உச்சியில், மாவில் குளித்தவனாகக் கதம்ஷோ உட்கார்ந்திருந்தான். கட்டட வேலையில் போன் கான்கிரீட்டுக்குள் விழுந்துவிட்டதாம்.

வழக்கப்படி மிச்ச ரொட்டியைத் தீர்க்க உட்கார்ந்தான். காலையில் பார்த்தால் அது மறுபடி சக்கரம்.

“இது தீராம நான் எப்படி வேலைக்குப் போறது?”

“போகாதீங்க,” என்று சவ்சன் டீயை ஊற்றினாள்.

ஆறு வருடமாகிறது. தினமும் டீயோடு ஒரு துண்டு தின்கிறான். இன்னும் தீரவில்லை.