போகாத செவ்வாய்க்கிழமை

என் அண்ணன் வெங்கடரமணனுக்கு அமெரிக்காவில் காலத்தைப் பற்றிப் பேசுவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். தத்துவப் பேராசிரியர். காலம் ஓடுகிறது என்பதே பிரமை, நடந்ததும் நடக்கப்போவதும் எல்லாம் அப்படியே இருக்கின்றன என்பது அவன் கட்சி. அதைச் சொல்ல ஊர் ஊராகப் பறப்பான். மயிலாப்பூருக்குப் பறக்க மட்டும் நேரம் கிடைக்காது.

தொண்ணூற்றாறில் அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது, அடையாறு ஆஸ்பத்திரியிலிருந்து நான்தான் அவனுக்குப் போன் செய்தேன். டாக்டர் நாள் குறிக்காத குறையாகச் சொல்லிவிட்டார் என்றேன்.

"கான்பரன்ஸ்ல என் பேப்பர்தான் முக்கியம், விஜி. முடிஞ்ச கையோட கிளம்பிடறேன். அதுவரைக்கும் தாங்குவார் இல்லையா?"

இவன் கான்பரன்ஸைக் கேட்டுக்கொண்டா எமன் வருவான்? செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா போய்விட்டார்.

பிள்ளை வரும்வரை ஐஸில் வைக்கலாம் என்று யாரோ சொன்னதற்கு அம்மா சம்மதிக்கவில்லை. சித்தப்பா பிள்ளை கஸ்தூரிரங்கன் அம்மாவிடம் தர்ப்பைப் புல் வாங்கிக்கொண்டு, அவள் சார்பில் கொள்ளி வைத்தான். பிள்ளை இல்லாதவர்களுக்குச் செய்கிற வழக்கம் அது. பெற்ற பிள்ளை குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, அடுத்தவன் கையில் அம்மா அந்தத் தர்ப்பையைக் கொடுக்கும்படி ஆயிற்று. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

பத்தாம் நாள் காரியத்துக்கு முதல்நாள் ரமணன் வந்து சேர்ந்தான். மொட்டை அடித்துக்கொண்டு, வாத்தியார் சொன்னதையெல்லாம் ஒழுங்காகவே செய்தான். அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் "சாப்டியா", "குளிச்சியா" தவிர அம்மா அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். 'போறதுடா, விடு' என்று அம்மா வாயால் வரவேண்டும். அதற்காக அவள் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தான்.

பதின்மூன்றாம் நாள் சாப்பாடு முடிந்து உறவுக்காரர்கள் கூடத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அவனுக்கு விமானம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். நாம இப்போ மயிலாப்பூர்ல இருக்கோம். அதனால தி.நகர் இல்லாமப் போயிடுத்தா?"

"இல்லை."

"காலமும் அப்படித்தாம்மா. போன வருஷம்கறது இன்னொரு இடம் மாதிரி. நாம அங்க இல்லை, அவ்வளவுதான். அப்பா அங்க இருக்கார். உன்னோட கோவிலுக்கு நடந்துண்டிருக்கார். எதுவும் அழியலை. எதுவும் எங்கயும் போகலை."

"உபநிஷத் மாதிரின்னா இருக்கு!" என்று ஒரு மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நல்ல நாள் மட்டுந்தானா, எல்லா நாளுமா?"

"எல்லாமேம்மா. ஒண்ணு விடாம." அம்மா பேசிவிட்ட சந்தோஷத்தில் அவன் முகம் மலர்ந்தது.

"அப்போ அந்தச் செவ்வாய்க்கிழமையும் இருக்கு."

அவன் முகம் வாடிற்று.

"அன்னிக்கு விடிகாலம்பற யார் உள்ள வந்தாலும், நர்ஸ் வந்தாக்கூட, 'ரமணனா?'ன்னு கேட்டார். இல்லை, இல்லைன்னு சொல்லி எனக்கு வாய் வலிச்சுது. சரி, எல்லாம் முடிஞ்சுது, இனிமே கேக்க மாட்டார்னு இருந்தேன்." அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "நீ என்னடான்னா முடியவே இல்லைங்கறே. இன்னும் கேட்டுண்டேதான் இருக்காரா?"

"அம்மா..."

"படிச்சவன், நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். அது போயிடுத்துங்கறதுதான்டா எனக்கு இருந்த ஒரே ஆறுதல். அதையும் பிடுங்கிண்டுட்டே."

ரமணன் மொட்டைத் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா சுவரைப் பிடித்து எழுந்து, அவனைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் அவன் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது அந்தக் கதவுக்கு வெளியே நின்றுதான் நமஸ்காரம் செய்தான்.