செம்பின் அடியில் ஒரு உப்புக்கல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கதை எழுத உட்காரவில்லை. போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து பாதை திறந்த அடுத்த வருடம், 2003இல், சஞ்சிகைக்காரர் ஒருவர் 'வீடு வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை' என்று ஒரு கட்டுரை கேட்டார். அப்போது யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் பாதிப் பேர் வாங்குவதற்கு வீடு பார்த்துத் திரிந்தார்கள்; மீதிப் பேர் தாங்கள் விட்டுப்போன வீடு இன்னும் நிற்கிறதா என்று பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். ஆகவே பயனுள்ள கட்டுரைதான். சுவரைப் பற்றி எழுதினேன். கூரையைப் பற்றி எழுதினேன். கிணற்றுக்கு வந்து, 'தண்ணீரை வாயில் விட்டுப் பார்க்க வேண்டும்' என்று எழுதி நிமிர்ந்தால், கிணற்றுக்கட்டருகே ஒரு பெண் நின்றாள்.

யார் நீர் என்று கேட்டேன். வாய் நிறையத் தண்ணீர் வைத்திருந்தாள்.

கட்டுரை அதோடு நின்றுபோயிற்று. சஞ்சிகைக்காரர் இப்போது என்னைக் கண்டால் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'நெடுந்தீவின் வானம் அன்று ஒரு பெரிய நீல...'

(விட்டுவிட்டேன். வானத்தோடு கதை தொடங்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது.)

பிறகு இப்படி:

'ஞானசவுந்தரிக்கு வீடு என்றால்...'

(இதுவும் சரிவரவில்லை. வீடு என்றால் என்னவென்று விளக்கப் போனால் அது பிரசங்கமாகிவிடும். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்கும் பிரசங்கமே போதும்.)

சரி, ஆணியிலிருந்து தொடங்குகிறேன்.

ஞானசவுந்தரியின் கைப்பைக்குள் ஒரு ஆணி இருந்தது. மடு மாதா படத்தை மாட்டுவதற்கென்று வாங்கிய ஆணி. போரில் இடம்பெயர்ந்த நாள்முதல் அவளும் கணவன் சில்வெஸ்ரரும் பிறத்தியார் வீடுகளில்தான் குடியிருந்தார்கள். வீட்டுக்காரர் எல்லாருமே, ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொன்னார்கள்: "சுவரில ஆணி கீணி அடிச்சுப்போடாதேங்கோ பிள்ளை." அதனால் மாதா ஒரு வீட்டில் அலுமாரிக்கு மேலும், இன்னொரு வீட்டில் கதிரையிலும், கடைசியாகக் குருநகரில் குசினி யன்னலிலும் சாய்ந்து நின்றாள். இப்போது அந்தக் குருநகர் வீட்டுக்காரரும் ஜேர்மனியிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வருகிறார். மாரி தொடங்குவதற்குள் வீட்டை விடவேண்டும். போக இடமில்லை.

அந்த ஆணியைச் சொந்தச் சுவரில் அடிக்க வேண்டும். அவ்வளவுதான் ஞானசவுந்தரிக்கு வேண்டியிருந்தது. எழுதும்போது சின்ன ஆசையாகத்தான் தெரிகிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் சுமந்து பாருங்கள்.

3

(கட்டுரையிலிருந்து காப்பாற்றியவை. சஞ்சிகைக்காரர் படித்தால் ஆறுதலடையட்டும்.)

அவர்கள் முதலில் பார்த்தது புங்குடுதீவில் ஒரு வீடு. முன்சுவர் ஒன்றுக்கு மட்டும் புதுச் சுண்ணாம்பு. மற்றச் சுவர்களெல்லாம் பழையபடி. ஞானசவுந்தரி அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல்காரரின் நெற்றிபோல் ஈரமாக இருந்தது. கடற்கல்லில் கட்டிய சுவர், உள்ளே உப்பு ஊறிக்கொண்டே இருக்கும். வந்த வழியே திரும்பினார்கள்.

இரண்டாவது வீட்டை மாரியில் பார்த்துவிட்டார்கள். தீவில் வீடு தேடுகிறவர்கள் விடும் பெரிய பிழை அதுதான். மழைத் தண்ணீர் கிணற்றில் மேலாக நிற்கும். அள்ளிக் குடித்தால் இளநீர். சில்வெஸ்ரர் தலையாட்டிவிட்டார். ஞானசவுந்தரிக்கு மட்டும் ஒரு சந்தேகம்: வந்தவர்களுக்கு அந்த வீட்டுக்காரி தேத்தண்ணி தரவில்லை, கடையிலிருந்து சோடா எடுப்பித்துக் கொடுத்தாள். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காத வீடு உண்டா? சித்திரையில் மறுபடி போய் அள்ளிப் பார்த்தார்கள். கடலேதான்.

அதற்குப் பிறகு, எந்த வீட்டையும் கோடை முற்றும்வரை காத்திருந்தே பார்ப்பது என்று அவள் முடிவெடுத்தாள். புரட்டாதியில் நல்ல தண்ணி என்றால் அது எப்போதும் நல்ல தண்ணிதான்.

4

புரட்டாதியில் ஒரு நாள் குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறினார்கள். நெடுந்தீவில் ஒரு வீடு இருப்பதாக மரியநாயகம் சொல்லியிருந்தார். சில்வெஸ்ரரோடு ஒரு காலத்தில் கடலுக்குப் போன மனிதர். வீடு மேரிஜோசப்பின் என்ற அவருடைய தமக்கையினுடையது.

வள்ளம் ஆட ஆட ஞானசவுந்தரிக்குக் கண் சொருகியது. பாதி உறக்கத்தில் அவள் அந்த வீட்டைக் கண்டாள். கடலுக்கடியில் இருந்தது. கதவுகள் திறந்தபடி. மீன்கள் ஒரு யன்னலால் நுழைந்து மறு யன்னலால் போயின. உள்ளே யாரோ அவளுடைய மாதாவை மாட்டியிருந்தார்கள்.

(கனவை வெட்டிவிட நினைத்தேன். பிறகு, அவள் கண்ட கனவை வெட்ட நான் யார் என்று விட்டுவிட்டேன்.)

வீடு கரையில் அந்தக் கனவில் கண்டதைப்போலவே நின்றது. வெளியில், தீவில் திரியும் மட்டக் குதிரைகள் இரண்டு வேலி நிழலில் தூங்கின. வேலிப் படலைக்குப் பூட்டு இல்லை. மேரிஜோசப்பின் அவர்களைக் கண்டதும் வாசலிலேயே தொடங்கிவிட்டா.

"மரமெல்லாம் கறையான் பிள்ளை. கூரை ஒழுகும். உந்தச் சுவர் மாரியில நனைஞ்ச சாக்குமாதிரி. நான் பொய் சொல்ல மாட்டன்."

"அக்கா, சும்மா இருங்கோ," என்றார் மரியநாயகம்.

ஞானசவுந்தரி கூட்டுகிற தும்புத்தடியின் காம்பால் கூரை வளையைத் தட்டிப் பார்த்தாள். நல்ல வைரம் பாய்ந்த பனை, கணீரென்றது. நிலத்தில் ஒழுக்குத் தழும்பு ஒன்றுகூட இல்லை. சுவர் காய்ந்து சூடாக இருந்தது. வீடு விற்பவர்கள் குறையை மறைப்பார்கள். அதைக் கண்டுபிடிக்கத்தான் அவள் பழகியிருந்தாள். இல்லாத குறையைச் சொல்லும் ஆளை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. என் கட்டுரையில் அதற்கு இடமே இருக்கவில்லை.

உள்ளறைக் கட்டிலில் தோய்த்து மடித்த ஆண்பிள்ளைச் சாரம் ஒன்று இருந்தது.

"ஆற்றை சாரம் அம்மா?"

"மகன்ர. கிறிஸ்ரியின்ர."

"அவர் எங்க?"

"கடலுக்குப் போயிட்டான்."

மரியநாயகம் அவளை விறாந்தைக்குக் கூட்டிவந்து குரலைத் தாழ்த்தினார். "தொண்ணூற்றேழில போனவன் தங்கச்சி. வள்ளமும் வரேல்லை, ஆளும் வரேல்லை. அக்கா தனிய இருக்கிறா. போன மாதம் விழுந்து ஒரு பகல் முழுக்க எழும்ப ஏலாமல் கிடந்திருக்கிறா. மகள் அன்ரனிட்டா பிரான்சில இருந்து அழுறாள். வீட்டை வித்துப்போட்டு என்னோட யாழ்ப்பாணத்துக்கு வாறதெண்டு அக்காவும் ஓமெண்டிட்டா."

5

மேரிஜோசப்பின் போய்க் குசினியிலிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்தா. "கிணத்துத் தண்ணி. குடிச்சுப் பாருங்கோ."

சில்வெஸ்ரர் ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தார். ஞானசவுந்தரி குடித்தாள். உப்பு. அவளுக்கு அழுகை வந்தது. கணீரென்ற மரம், காய்ந்த சுவர், கூப்பிடு தூரத்தில் கடல், எல்லாம் இருந்தும் இப்படியா என்று மனம் சோர்ந்தது.

"சரி, வெளிக்கிடுவம்," என்றார் சில்வெஸ்ரர். "கடைசி வள்ளத்தை விட ஏலாது." அவரும் மரியநாயகமும் முற்றத்துக்கு இறங்கினார்கள்.

மிச்சத் தண்ணீரை ஊற்றப் போனவள் செம்பைச் சரித்தாள். அடியில் கரையாமல் ஒரு கல்லுப்புக் கிடந்தது.

அவள் கிணற்றடிக்கு நடந்தாள். கிணற்றுக்கட்டில் ஒரு துண்டுச் சவர்க்காரம். வாளியில் அள்ளிக் கையில் ஊற்றித் தேய்த்தாள். பால்போல் நுரைத்தது. உப்புத் தண்ணீரில் சவர்க்காரம் இப்படி நுரைக்குமா? பக்கத்தில் தேசிமரம் எலுமிச்சங்காய்களோடு தொங்கியது; உப்புக்கு அது காய்க்காது. அவளுக்குக் கோபம் வந்தது. போக்கிடமில்லாத ஒருத்தியிடம் இப்படியும் செய்வார்களா?

பின்னால் மேரிஜோசப்பின் வந்து நின்றா. ஞானசவுந்தரி கண்டுகொண்டாள் என்று அவவுக்குத் தெரிந்துவிட்டது.

"வாற எல்லாருக்கும் உப்புப் போட்டுத்தான் குடுக்கிறனான் பிள்ளை. தம்பிக்குத் தெரியாது."

"வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு சொல்லலாமே அம்மா?"

"சொன்னால் அவன் செத்துப்போனான் எண்டு எல்லாரும் எனக்கு விளங்கப்படுத்துவினம். எத்தினை தரம் கேக்கிறது?" மேரிஜோசப்பின் கிணற்றுக்குள் பார்த்தபடி சொன்னா. "அவனுக்கு வேற வீடு தெரியாது."

6

இங்கே எனக்கு மேரிஜோசப்பின்மேல் சந்தேகம் வந்தது. இவ நல்லவதானா? ஒரு பாவப்பட்ட குடும்பத்தை ஏமாற்றுகிற ஆள் அல்லவா? கொஞ்சம் கெட்டவவாக எழுதிப் பார்த்தேன். ஞானசவுந்தரி சுலபமாக வீட்டை வாங்கிக்கொண்டாள், எனக்குத்தான் இரவு சாப்பாடு இறங்கவில்லை. திரும்ப எடுத்துவிட்டேன்.

முடிவுகள் வைத்திருக்கிறேன்.

ஒன்று: ஞானசவுந்தரி உண்மையைச் சொல்கிறாள். வீடு கைமாறுகிறது. ஆணி சுவரில் இறங்குகிறது. பிறகொரு பின்னேரம் கடற்கரைப் பக்கமிருந்து தாடி வளர்ந்த ஒருவன் வந்து, படலையில் நின்று, தெரியாத பெண் ஒருத்தி முற்றம் கூட்டுவதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல்... (எழுத முடியவில்லை.)

இன்னொன்று: 'உப்பு' என்கிறாள். வள்ளத்தில் திரும்புகிறார்கள். மாரி வருகிறது, குருநகர் வீட்டு வாசலில் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், மாதா யாரோ ஒருவருடைய சைக்கிள் கரியரில். நெடுந்தீவில் மேரிஜோசப்பின் மறுபடி விழுகிறா. இந்த முறை...

(இதையும் முடிக்கவில்லை.)

உங்களுக்கு மூன்றாவது ஒன்று தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன? கிணற்றடியிலேயே ஞானசவுந்தரியைக் கேட்கவைத்தேன்: "அம்மா, நீங்களும் எங்களோட இருங்கோவன்?"

மேரிஜோசப்பின் தலையை ஆட்டினா. "நீங்கள் இருக்கிற வீட்டில அவன் வந்து பாத்தால், ஆரோ பிறத்தியாற்றை வீடெண்டு நினைச்சுத் திரும்பிப் போயிடுவான் பிள்ளை. அவன் வெக்கக்காரன்."

அதோடு என் கைவசமிருந்த நல்ல முடிவும் போயிற்று.

7

இனி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

வெயில் சரிகிறது. ஞானசவுந்தரி வாளியால் மறுபடி அள்ளுகிறாள். எதற்கு அள்ளுகிறாள்? நுரையைக் கண்டாயிற்று, உப்புக்கல்லைக் கண்டாயிற்று. ஆனாலும் கண்ணால் கண்டதை வைத்துப் பேச அவளுக்கு மனமில்லை. இரண்டு கையாலும் ஏந்தி வாயில் விட்டுக்கொள்கிறாள். தண்ணீர் குளிர்ந்து, கிணற்றுப் பாசியின் மணத்தோடு, அவ்வளவு இனிப்பாக இருக்கிறது. புரட்டாதியில் இப்படி ஒரு தண்ணீரை அவள் எந்தத் தீவிலும் குடித்ததில்லை.

மேரிஜோசப்பின் அவளுடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறா. முற்றத்தில் மரியநாயகம் படலையைத் திறந்து பிடித்திருக்கிறார். கைப்பைக்குள் ஆணி.

"ஞானம், அங்க என்ன செய்யிறீர்?" என்று சில்வெஸ்ரர் கூப்பிடுகிறார். "திரும்பக் குடிச்சுப் பாத்தனீரோ? தண்ணி எப்பிடி?"

நான் இந்த வரியில் நின்று கன காலமாயிற்று. அவளை விழுங்கவைக்க என்னால் ஏலவில்லை. விழுங்கினால் பேச வேண்டும். பேசினால் இந்த இரண்டு பெண்களில் ஒருத்திக்கு வீடில்லை. நீங்கள் சுவரில் ஆணி அடித்திருப்பீர்கள். அல்லது யாருக்காகவாவது படலையைப் பூட்டாமல் விட்டிருப்பீர்கள். என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

சில்வெஸ்ரர் இன்னொரு முறை கூப்பிடுகிறார். கடைசி வள்ளத்தின் எஞ்சின் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. அவள் உங்கள் பக்கம் திரும்புகிறாள், வாய் நிறையத் தண்ணீரோடு.