கோடும் இரண்டு புள்ளியும்

நீலாம்பாளுக்கு அலுத்துவிட்டது. மனித உரிமைகளில் எம்.ஏ. சேர்ந்தபோது இருந்த வேகமெல்லாம் தஞ்சாவூர்ப் பதிவறையில் உட்கார்ந்த மூன்றே வாரத்தில் வடிந்துபோயிருந்தது. கரையான் தின்றது போக மிச்சமிருந்த கட்டுகளைப் பிரிப்பது, தும்முவது, குறிப்பெடுப்பது, திரும்பக் கட்டிவைப்பது. ஆய்வேட்டைக் கொடுக்கப் பத்து நாள்தான் பாக்கி. ஓர் அத்தியாயம் மட்டும் நொண்டிக்கொண்டு நின்றது.

அது அவள் ஊரைப் பற்றியது. நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராகக் குறைத்துச் சட்டம் வந்ததும், ஊர்ப் பண்ணையார் மிச்ச நிலத்தையெல்லாம் தன்னிடம் வேலை பார்த்தவர்கள் பேரிலேயே எழுதிவைத்துவிட்டார். அத்தனையும் பினாமி என்று அவள் தெருவில் பதினாலு குடும்பம் மனுப் போட்டது. நிரூபித்திருந்தால் நிலம் அவர்களுக்குப் பிரிந்திருக்கும். எழுபத்து மூன்றில் மனு தள்ளுபடியானது. ஏன் என்றுதான் தெரியவில்லை. டேப்ரிக்கார்டரும் கையுமாகப் பதினோரு பேரிடம் போய்க் கேட்டாள். அடி, உதை, கூலிச் சண்டை, போலீஸ் என்று எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள். அந்த இடம் வந்ததும் மட்டும், "அப்பறம் கேஸு தள்ளுபடி ஆயிட்டு" என்று முடித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். வயசாகிவிட்டது, மறந்துவிட்டார்கள் என்று அவளும் நினைத்தாள். படித்தவள் இல்லையா, எதற்கும் ஒரு பெயர் வைத்தாக வேண்டும். 'நினைவு மங்கல்' என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அந்தக் கட்டு அகப்பட்டது. விசாரணையில் ஒருவர் கொடுத்த வாக்குமூலம், ஒரே பக்கம். அதை நம்பித்தான் மனுவைத் தள்ளியிருந்தார்கள். 'மேற்படி பத்து மா நஞ்சையை நானே கிரயம் வாங்கி நானே சாகுபடி செய்து வருகிறேன். இதில் பண்ணையாருக்கு எவ்விதப் பாத்தியமும் இல்லை.' கீழே 'ஐயாவு' என்று கையெழுத்து. அதற்கடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி.

பெயரைப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. ரேங்க் கார்டு, ஹாஸ்டல் பாரம், ஸ்காலர்ஷிப் மனு என்று அவள் வாழ்க்கை முழுக்க அப்பா போட்ட கையெழுத்து அது. தெருவில் மற்றவர்கள் கட்டைவிரலை நீட்டிய இடத்தில் அவள் அப்பா மட்டும் பேனாவைக் கேட்டு வாங்குவார். அந்தப் பெருமையிலேயே பாதிப் படிப்பைப் படித்தவள் அவள். தன் கையெழுத்துக்கு அடியிலும் அதே கோட்டையும் புள்ளிகளையும்தான் போட்டுவந்தாள்.

மயிலாடுதுறை பஸ்ஸில் நின்றுகொண்டே ஊருக்கு வந்தாள். கோபம்கூட வரவில்லை, அவ்வளவு அசதி. பதினோரு பேரும் எதையும் மறக்கவில்லை. ஐயாவு மகள் மனசு நோகக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை. எழுதினால் அப்பா இந்தத் தெருவில் எப்படி நடப்பார்? எழுதாவிட்டால் அந்தப் பதினாலு குடும்பத்துக்கும் இந்த வீட்டிலிருந்து இது இரண்டாவது துரோகம்.

ஐயாவு வாசலில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார். வாக்குமூலத்தின் நகலை அவர் முன்னால் வைத்தாள். அவருக்கு வாசிக்கத் தெரியாது. அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

"குடியிருந்த மனை அவங்களுது, நீலா. எறங்குன்னா எறங்கணும். நீ வயித்துல இருந்தே."

குடியிருப்பவனுக்கே மனை சொந்தம் என்று அதற்கு இரண்டு வருஷம் முன்பே சட்டம் வந்துவிட்டது. ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் அவளே அதை எழுதியிருந்தாள். அன்றைக்கு அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. இன்றைக்கு அவளும் சொல்லவில்லை.

மீதியை அவரே சொன்னார். ரேகை வைத்தால் ஏமாற்றி வாங்கியதென்று ஆகிவிடும், கையெழுத்தென்றால் ஆள் விவரமானவன் என்று நம்புவார்கள். அதற்காகப் பண்ணைக் காரியக்காரர் அவரை எட்டு நாள் களத்து மண்ணில் எழுத வைத்துப் பழக்கினார். கோடும் புள்ளியும்கூடக் காரியக்காரர் சொல்லிக்கொடுத்தவைதான். அதற்கப்புறம் தன் பேரில் இருந்த அந்தப் பத்து மா நிலத்திலேயே ஐயாவு கூலிக்கு நாற்றுப் பறித்தார், கூலிக்கு அறுத்தார்.

"எழுதட்டுமாப்பா?"

"எழுது. பேரை மட்டும் மாத்திடாதே."

பேசியவர் சம்மதித்தார் என்பதற்குப் பல்கலைக்கழகம் ஒரு படிவம் கேட்கும். அதை எடுத்து வைத்துப் பேனாவை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"அது வேணாம். அது அவங்க சொல்லிக் குடுத்தது."

பையில் மை டப்பா இருந்தது. தெருவில் மற்றவர்களுக்கென்று வாங்கியது, அப்பாவுக்கு வேண்டியிருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. அவர் கட்டைவிரலை மையில் வைத்து, காகிதத்தில் அழுத்தி எடுத்தார். வயலிலேயே தேய்ந்த விரல், ரேகை சரியாக விழவில்லை. இன்னொரு தடவை வைத்தார்.

பக்கத்தில் 'ஐயாவு, இடது கைப் பெருவிரல் ரேகை' என்று நீலாம்பாள் எழுதினாள். 'சாட்சி' என்றிருந்ததற்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டாள். கை தன்னால் அடியில் கோட்டை இழுக்கப் போனது. பேனாவை மூடிவிட்டாள்.