ஒப்புதலுக்குக் காத்திருப்பவை

எங்கள் வீட்டு முன்னறையில் எந்நேரமும் நாற்பது பேராவது இளித்துக்கொண்டிருப்பார்கள். யாருக்கும் முகம் கிடையாது. பிளாஸ்டர் தாடை மட்டும். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அம்மா மெழுகில் பல் அடுக்குவார். அப்பா அதை அக்ரிலிக்கில் வார்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார். பிறகு யாரோ ஒருவர் அதை மாட்டிக்கொண்டு குடும்பப் போட்டோவில் சிரிப்பார்.

அப்பாவுக்கு இது தொழில்தான். உயிர் இருந்தது 'பல்வரிசை'யில். பல் செட் செய்பவர்களுக்காக அவர் பத்தொன்பது வருடமாக நடத்தும் மின்னஞ்சல் குழு அது. ஒருவர் மெயில் போட்டால் எல்லோருக்கும் போகும். எண்ணூற்றுச் சொச்சம் உறுப்பினர்கள், ஒரே நிர்வாகி. வேலையில் ஒரு சந்தேகம் வந்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா பதில் சொன்னால், "நீ இரு, குரூப்ல கேட்டுப் பாக்கறேன். அங்க பெரிய பெரிய ஆளுங்க இருக்காங்க" என்பார். பெரிய ஆளுங்க என்றால் முதல் வருடம் சேர்ந்த ஐம்பத்திரண்டு பேர். மற்றவர்கள் வாயே திறப்பதில்லை என்பது அப்பாவின் தீராத மனக்குறை.

அந்தக் குழுவுக்கு இடம் கொடுத்திருந்த கம்பெனி, ஞாயிறு மாலை ஆறு மணியோடு சேவையை மூடுவதாக அறிவித்தது. அதற்குள் எடுத்துப்போகாதது எல்லாம் அழிந்துவிடும். புதுத் தளத்துக்குக் குடிமாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் கல்லூரியில் படிப்பது பொருளாதாரம். "எல்லாம் கம்ப்யூட்டர்லதானடா படிக்கறீங்க" என்று அப்பா அந்தத் தடையை ஒரே வரியில் நீக்கிவிட்டார்.

ஞாயிறு காலை அவர் பழைய தளத்தில் கடைசி மடல் ஒன்றைப் போட்டார். 'பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு சண்டைகூட வராத ஒரே குழு நம்முடையது. ஆயினும் ஒன்று சொல்லியே தீர வேண்டும். அடுத்தவர் வாயை அழகாக்கும் நீங்கள் உங்கள் வாயைத் திறக்க ஏன் இத்தனை கூச்சம்? புது இடத்திலாவது சோம்பலை விட்டொழியுங்கள்.' கீழே பெயர், பட்டம், செல் நம்பர். அனுப்பிவிட்டு, பாரம் இறங்கியவர்போல் ஒரு கீழ்த்தாடையை எடுத்து அரத்தால் ராவ ஆரம்பித்தார்.

மூன்று மணிக்கு, நிர்வாகிப் பக்கத்தின் மூலையில் நான் ஒரு எண்ணைப் பார்த்தேன். இரண்டு முறை பார்த்தேன்.

"அப்பா, இங்க மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு மெயில் நிக்குது."

"எதுக்கு நிக்குது?"

"உங்க ஒப்புதலுக்கு."

"நான் எதுக்குடா ஒப்புதல் கொடுக்கணும்?"

"அதைத்தான் அவங்களும் பதினேழு வருஷமா யோசிச்சிருப்பாங்க."

ராவுவது நின்றது. அப்பா எழுந்து வந்தார். குழு தொடங்கிய இரண்டாம் வருடம் யாரோ உயரம் வளர மாத்திரை விளம்பரம் போட்டிருக்கிறார்கள். கொதித்துப்போன அப்பா, 'புதியவர்களின் மடல்களை நிர்வாகி பார்த்த பிறகே வெளியிடவும்' என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார். அந்த மடல்கள் வந்திருப்பதாகத் தகவல் போனது அவருடைய ஒரு பழைய மெயில் முகவரிக்கு. அதன் பாஸ்வேர்டு அவருக்கே மறந்துபோய்ப் பதினைந்து வருடம்.

அப்பா பிளாஸ்டர் மூட்டைமேல் உட்கார்ந்தார். முகத்துக்கும் மூட்டைக்கும் ஒரே நிறம்.

"படி," என்றார்.

படித்தேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர், வெயில் காலத்தில் மெழுகு இளகிப் பல் நகர்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். ஆறு மாதம் கழித்து அதையே இன்னும் பணிவாகக் கேட்டிருந்தார். பதினான்காம் தடவை 'சமூகத்துக்கு வணக்கம்' என்று தொடங்கி, கேள்வி கேட்டதற்கே மன்னிப்புக் கேட்டிருந்தார். இன்னொருவர், 'பெரியவர்கள் எங்களோடு பேச மாட்டார்கள் என்று இங்கே வந்த பிறகுதான் புரிந்தது' என்று எழுதியிருந்தார். ஒரு அம்மாள், 'இன்றோடு தொழிலிலிருந்து ஓய்வு பெறுகிறேன். யாரும் பதில் போடவில்லையென்றாலும் உங்கள் எல்லோருடைய மடல்களையும் படித்தேன். நன்றி' என்று முடித்திருந்தார்.

காலை மடலுக்கு வந்த பதில்கள் மட்டும் அறுபத்தெட்டு. 'ஐயா, நாங்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்' என்றது முதலாவது. அதுவும் ஒப்புதலுக்குக் காத்திருந்தது.

"போதும்டா."

சுவரிலிருந்த நாற்பது தாடைகளும் அவரையே பார்த்து இளித்தன.

"இதை இப்ப வெளிய விட்டா எண்ணூறு பேருக்கும் தெரிஞ்சிடும்," என்றார் மெதுவாக. "அவங்க வாயைப் பொத்திட்டு, ஏன் பேசலன்னு திட்டினவன்னு."

"தெரியும்தான்."

"ஆறு மணிக்கு எல்லாம் தானா அழிஞ்சிடும் இல்ல?"

"அழிஞ்சிடும்."

"அப்ப நாம ஒண்ணுமே செய்யலன்னா..."

"ஒண்ணுமே செய்யாம இருக்கறதுல உங்களுக்குப் பதினேழு வருஷ அனுபவம்பா."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பேச்சை மாற்ற, கண்ணில் பட்ட வேறொன்றை உரக்கப் படித்தேன். 'மெழுகு' என்ற புனைபெயர். பதினொரு வருடத்தில் எழுபத்தொரு மடல்கள்.

"'கீழ்ச் செட் நிற்கவில்லை என்று நிர்வாகி கேட்டிருந்தார். பற்களை நாக்குப் பக்கமாகத் தள்ளி அடுக்கினால் நாக்குக்கு இடம் போதாது. அது செட்டைத் தூக்கித் தள்ளும். ஈறு மேட்டுக்கு நேர் மேலே அடுக்கிப் பாருங்கள்.'"

அப்பா நிமிர்ந்தார். "அட! ரெண்டு வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டேனே. யாருடா இந்த ஆளு?"

"இருங்க, அடுத்ததுல இருக்கு. 'இதை எங்கள் பட்டறையில் ஒருவரிடம் நேரில் சொன்னேன். நான் சொன்னால் கேட்க மாட்டார். குழுவில் யாராவது சொன்னால் கேட்பார். அதனால் இங்கே எழுதுகிறேன்.'"

"ஐயோ பாவம்," என்றார் அப்பா உண்மையான இரக்கத்தோடு. "எந்த மடையன்கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்குதோ."

நான் அடுத்த வரியைப் படித்தேன். "'வேலை மேஜையின் கால் ஆடுகிறது என்று கல்யாண ஆல்பத்தின் அட்டையைக் கிழித்து முட்டுக் கொடுத்தவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?'"

அப்பா மெல்லக் குனிந்து மேஜையின் காலைப் பார்த்தார். தங்க எழுத்தில் பாதிப் பெயர் தெரிந்தது. அது அவருடையது. மீதிப் பாதி மேஜைக் காலுக்கு அடியில் இருந்தது.

ரொம்ப நேரம் அவர் நிமிரவேயில்லை.

உள்ளேயிருந்து அம்மா மெழுகுக் கத்தியோடு வந்தார். "என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றவர், திரையில் தன் எழுத்தைப் பார்த்து நின்றுவிட்டார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"நீங்க இதைப் பாக்கவே இல்லையா?"

"இல்லம்மா," என்றார் அப்பா.

"ஒண்ணுகூடவா?"

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

"படிச்சிட்டுத்தான் கண்டுக்காம இருக்கீங்கன்னு நெனச்சேங்க. யார் எழுதறதுன்னு தெரிஞ்சேதான் பேசாம இருக்கீங்கன்னு. பதினோரு வருஷம், இந்த மேஜையில, உங்களுக்கு எதிர்லயே உக்காந்து அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்."

மணி நாலே முக்கால். அப்பா என் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு மடிக்கணினி முன் உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் விடறது எது?"

"இந்தப் பட்டன். அமுக்கினா திரும்ப எடுக்க முடியாது. நல்லா யோசிச்சுக்கங்க."

"யோசிச்சதெல்லாம் போதும்," என்று அமுக்கினார்.

முதல் செல் அழைப்பு பத்தாவது நிமிடம். ஐம்பத்திரண்டு பேரிலும் மூத்தவர். அவர் பெயரைச் சொல்லும்போது அப்பா செருப்பைக் கழற்றாத குறைதான். ஸ்பீக்கர் போடாமலே அறை முழுக்கக் கேட்டது.

"என்னய்யா இது, வெள்ளம் மாதிரி வருது? இவ்வளவு நாளா எங்க இருந்துச்சு?"

"எங்கிட்டதான் சார். நான்தான் நிறுத்தி வெச்சிருந்தேன். பாக்கல."

"எண்ணூறு பேரோடதுமா?"

"உங்க ஐம்பத்திரண்டு பேரைத் தவிர எல்லாரோடதும்."

"சரியான ஆளுய்யா நீ," என்றார் பெரியவர். பாராட்டு மாதிரித் தெரியவில்லை. "அது இருக்கட்டும். மெழுகுன்னு ஒருத்தர், எட்டு வருஷம் முன்னாடி நான் கேட்டதுக்குச் சரியாப் பதில் சொல்லியிருக்கார். அவர் நம்பர் உங்கிட்ட இருக்கா?"

"நம்பர் வேண்டாம் சார். எதிர்லதான் இருக்காங்க. என் வீட்டுக்காரம்மா."

அப்பா போனை நீட்டினார். அம்மா கையிலிருந்த மெழுகைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினார். தயக்கமெல்லாம் முதல் இரண்டு வாக்கியங்களுக்குத்தான். அப்புறம் ஜன்னலோரம் நின்று, விரலால் காற்றில் ஒரு தாடையை வரைந்து, பெரியவருக்கு அவர் செய்த தவற்றை விளக்க ஆரம்பித்தார்.

அப்பா வரிசையின் தலையிலிருந்த, வெயிலில் மெழுகு இளகும் கேள்வியைத் திறந்தார். ஒற்றை விரலால் 'தாமதத்துக்கு மன்னிக்கவும்' என்று அடித்தார். நிறுத்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், பதினேழு வருஷத்துக்கு 'தாமதம்'னு போட்டாப் போதுமா?"

"வேற வார்த்தை எனக்கும் தெரியலப்பா."

அவர் அதை அழித்துவிட்டு, மறுபடி அடிக்கத் தொடங்கினார்.