சிவப்புப் பாதி, மஞ்சள் பாதி

யோயோ சாய்ந்தது.

நூலில் கட்டித் தொங்கவிட்ட மறுகணமே அது சிவப்புப் பக்கமாகச் சரிந்து நின்றது. ஊர்க்காவலன் பார்த்தான். எதிர் மிஷினில் இருந்த அவன் மச்சான் பெத்தணனும் பார்த்தான். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

நாரணாபுரத்தில் அவர்களுடைய தகர ஷெட்டுக்குள் இரண்டு கடைசல் மிஷின்கள். பம்பரம் என்றால் ஒரே ஆள் கடைந்து ஆணி இறக்கிவிடலாம். யோயோ அப்படியில்லை. அது இரண்டு பாதி. மேலே பூசும் சிவப்பு அரக்கு ஊர்க்காவலனிடம், மஞ்சள் அரக்கு பெத்தணனிடம். ஆளுக்கொரு பாதி கடைந்து நடுக்குச்சியில் செருகுவார்கள். இரண்டும் ஒரே கனமாக இருந்தால்தான் நேராகத் தொங்கும். நேராகத் தொங்கினால்தான் நூலில் ஏறி கைக்கு வரும்.

மதியத்துக்கு மேல் ஸ்ரீமதி வருகிறாள். சிவகாசி அச்சக முதலாளியின் மகள். தீபாவளிப் பரிசுப் பெட்டிக்கு ஒரு பம்பரம், ஒரு யோயோ கேட்டிருந்தாள். பம்பரம் அவளுக்குப் பிடித்துவிட்டது. யோயோவும் பிடித்தால்தான் ஆர்டர்.

பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை பெத்தணன் வாசலில் கட்டியிருந்த ஆட்டிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டான்.

"ஏ ஆடே, இதுவும் போச்சுன்னா என் மிஷின ஏத்திக்கிட்டு காரியாபட்டிக்கே போயிருவேன். சொல்ல வேண்டியவுககிட்டச் சொல்லிரு."

ஊர்க்காவலன் மோட்டாரைப் பார்த்துப் பதில் சொன்னான். "போறவுக போகட்டும் மோட்டாரே. நமக்கென்ன கையா ஒடிஞ்சு போச்சு?"

எல்லாம் ஓவியாவின் காதுகுத்தில் ஆரம்பித்தது. ஓவியா ஊர்க்காவலனின் மகள். பெத்தணனுக்குத் தங்கை மகள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். சீர் எடுக்கச் சொந்த ஊர் காரியாபட்டிக்குப் போன தாய்மாமன் வந்த பஸ் வழியில் படுத்துவிட்டது. நல்ல நேரம் முடியப்போகிறதே என்று ஊர்க்காவலன், ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் மடியில் பிள்ளையை உட்காரவைத்துவிட்டான். பெத்தணன் சீர்த்தட்டோடு வந்து சேர்ந்தபோது பந்தியில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஆடும் மோட்டாரும்தான் நடுவில்.

ஊர்க்காவலன் சாப்பிட வீட்டுக்குப் போனான்.

"எங்க அண்ணன் சாப்பிட்டுச்சா?" சோற்றைப் போட்டபடி கேட்டாள் மனைவி வள்ளித்தாய்.

"ஆட்டுகிட்டக் கேளு."

"நல்லாப் பேசுறீக. பிள்ளைக்குப் புண்ணு வச்சுக் கம்மலக் கழட்டுனேன்ல, இப்ப இடது காது தூந்தே போச்சு. திரும்பக் குத்தணும்."

அவன் குனிந்து ரசச் சோற்றைப் பிசைந்தான்.

அவன் ஷெட்டுக்குத் திரும்பியதும் பெத்தணன் சாப்பிடக் கிளம்பினான். மஞ்சள் பாதி அவன் சட்டைப் பையில். அதை யாரிடமும் விட்டுவிட்டுப் போகிற ஆளில்லை.

ஊர்க்காவலன் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு மோட்டாரைப் போட்டான்.

தப்பு தன் பக்கம்தான் என்று அவனுக்குக் காலையிலேயே தெரியும். அளவு சரி. ஆனால் அவன் எடுத்தது பூவரசின் நடுக்கட்டை, வைரம் பாய்ந்தது. பெத்தணன் எடுத்தது ஓரக்கட்டை. கனம் எப்படி ஒத்துப்போகும்? இதை வாயால் சொல்வதற்கு உளியால் சொல்வது சுலபம். சிவப்புப் பாதியின் உள்பக்கத்தை, வெளியே தெரியாதபடி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்தான். மஞ்சளின் கனம் அவன் கைக்கு மனப்பாடம். அந்தக் கனம் வந்ததும் நிறுத்தினான்.

பெத்தணன் திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில் வாசலில் கார் நின்றது. ஸ்ரீமதி உள்ளே வந்தாள். இரண்டு பாதியும் குச்சியில் ஏறின. அவளே நூலைப் பிடித்துத் தொங்கவிட்டாள்.

யோயோ சாய்ந்தது.

"மஞ்சப் பக்கம் சாயுதே, அண்ணாச்சி."

மஞ்சளா? இருவர் தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது.

ஊர்க்காவலன் பெத்தணனின் மிஷினுக்கு அடியில் பார்த்தான். வெளுத்த சீவலுக்கு மேலே கறுத்த சீவல். நடுக்கட்டைச் சீவல். பெத்தணன் யோயோவை வாங்கிப் பிரித்து, சிவப்பின் உள்பக்கத்தை விரலால் தடவினான். புதுக் குழி.

பெத்தணன் வாசல் பக்கம் திரும்பினான். ஆடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. இதை ஆட்டிடம் சொல்ல முடியாது.

"உள்ள குடைஞ்சியா, மாப்பிள்ள?"

ஊர்க்காவலன் தொண்டையைச் செருமினான். "நீக நடுக்கட்டையில புதுசாக் கடைஞ்சீகளா?"

"நீ சாப்பிடப் போனப்ப. உன் கனத்துக்கு நான் ஏறிக்கிருவோம்னு பாத்தேன்."

"நான் உங்க கனத்துக்கு எறங்கிட்டேன்."

ஸ்ரீமதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரே ஷெட்டுல உக்காந்துக்கிட்டு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிற மாட்டீகளா?"

"சொன்னோம்மா," என்றான் பெத்தணன். "ஆடு சரியாச் சொல்லல."

ஊர்க்காவலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பழசு எங்க, மச்சான்?"

பெத்தணன் சட்டைப் பைக்குள் கையை விட்டான். காலையில் கடைந்த பழைய மஞ்சள் பாதி வெளியே வந்தது. குடைந்த சிவப்போடு அதைச் சேர்த்துக் குச்சியில் ஏற்றினான். ஸ்ரீமதி தொங்கவிட்டாள்.

நேராக நின்றது. நூலைச் சுற்றிக் கீழே விட்டாள். விர்ரென்று இறங்கி, ஒரு சுண்டு சுண்டியதும் ஏறி வந்து அவள் உள்ளங்கையில் உட்கார்ந்தது. இன்னொரு தடவை விட்டாள். மூன்றாவது தடவை விட்டபோது அவள் ஆர்டரை மறந்து விளையாட ஆரம்பித்துவிட்டாள் என்று தெரிந்தது.

"முத லோடு எப்பத் தருவீக?" என்று அவளாகவே நினைவு வந்து கேட்டாள்.

"சீசனுக்கு முன்னாடியே," என்றார்கள் இருவரும்.

கார் போன பிறகு ஊர்க்காவலன் மிஷினைத் துடைத்துக்கொண்டே சொன்னான், மோட்டாரைப் பார்க்காமல்.

"ஓவியாவுக்கு ஒரு காது தூந்துருச்சு, மச்சான். திரும்பக் குத்தணும். உங்க மடி சும்மாத்தான இருக்கு?"

பெத்தணன் துடைப்பத்தை எடுத்தான். சீவலைக் கூட்டி அள்ளினான். ஆட்டை அவிழ்த்து நிழலில் மாற்றிக் கட்டினான். துண்டை உதறித் தோளில் போட்டான்.

"முந்துன நாளே உன் வீட்டுல வந்து படுத்துக்கிறேன், மாப்பிள்ள. பஸ்ஸ நம்ப முடியாது."