கேசட்டில் ஒரு அத்தப்பூ

கரமனை வீட்டுப் பரணில் கேசட் கிடைத்ததும் ராஜஸ்ரீ அதைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

பள்ளிக்கூட நாளில், ஓண விடுமுறையில், பக்கத்து வீட்டுக் கிருஷ்ணகுமார் துபாயிலிருந்து கொண்டுவந்த குட்டிக் கம்ப்யூட்டரை இரவல் வாங்கி, அவளும் தம்பி அனந்தும் டிவித் திரையில் ஓணப் பூக்கோலமான அத்தப்பூக்களம் வரைந்தார்கள். அந்தக் கம்ப்யூட்டர் படத்தைக் கீச்சொலியாக மாற்றித் தரும்; அதை டேப் ரிக்கார்டரில் கேசட்டிலும் பதிந்தார்கள். அம்மாவைக் கூப்பிட்டார்கள். அடுப்பில் பால் இருந்தது. "இதோ வரேன்" என்றாள் அம்மா. அதற்குள் கரண்ட் போயிற்று. கரண்ட் வருமுன் கிருஷ்ணகுமார் கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

இப்போது அம்மாவுக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றதும் மங்கி வருகிறது.

ராஜஸ்ரீ கேசட்டின் கீச்சொலியை லேப்டாப்பில் ஏற்றினாள். கல்லூரியில் அவள் நடத்திய பாடம்தான். சிக்னலோடு கடிகாரம் தனியே வராது. ஒலி மாறும் இடங்களைப் பார்த்து, ஒரு பிட் எவ்வளவு நேரம் என்ற தாளத்தைச் சிக்னலைப் பெறுகிறவர்தான் பிடிக்க வேண்டும். பிடித்தாள். பாதியில் நழுவியது. மறுபடியும் அதே இடத்தில்.

"டேப் போயாச்சு அக்கா, விட்டுடு," என்றான் அனந்த்.

"டேப் நன்னாத்தான் இருக்கு. போகப் போக வேகம் கூடறது. ஏன்?"

அனந்த் சிரித்துவிட்டான். "செல்லாக்கும்!"

வீட்டில் ஒரே ப்ளக் பாயிண்ட். டிவியும் கம்ப்யூட்டரும் அதில். டேப் ரிக்கார்டருக்கு டார்ச்சிலிருந்து எடுத்த செல். அதையும் மதில்மேல் வெயிலில் காயவைத்துப் போட்டவன் அவன்தான். பதியும்போதே செல் சோர்ந்து டேப் மெதுவாகியிருக்கிறது. மெதுவாகப் பதிந்தது இன்று சரியான வேகத்தில் ஓடும்போது விரைகிறது.

"புதுச் செல் வாங்கச் சொன்னா பழம்பொரி தின்னுட்டு வந்தே."

"நீயும் பாதி தின்னே, கேட்டியா."

வேகம் மாறினால் தாளமும் கூடவே மாறும்படி, அவள் லேப்டாப்பில் கடிகாரத்தின் பிடியைத் தளர்த்தினாள். இம்முறை அது செல் சோர்ந்த வழியெல்லாம் பின்னாலேயே போயிற்று, கடைசி பிட் வரை.

அம்மாவைத் திரைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். வட்டம் வட்டமாகப் பூ விரிந்தது. அம்மா முகத்தைத் திரையோடு ஒட்டிக்கொண்டாள்.

"எல்லாம் வெளுப்பா இருக்கேடீ. என் கண்ணா?"

"இல்லைம்மா. அப்போ நம்மாத்து டிவி பிளாக் அண்ட் ஒயிட். அதான் வெள்ளையிலேயே வரைஞ்சோம்."

"அப்போ சரியாத்தான் தெரியறது. எல்லாம் தும்பைப்பூ."

"அம்மா, அடுப்பில் பால் இருக்கு," என்றான் அனந்த்.

"பொங்கட்டும் போடா."